கொழும்புப் பெட்டிக்கடையில் கிடைக்கும் போதை: தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து வேலையும் தொடங்கியாயிற்று. வாடகை, பஸ் இலக்கம் எல்லாவற்றையும் யாராவது சொல்லித் தருவார்கள். பெட்டிக்கடையில் சிறு பொட்டலமாகத் தொங்கும் சில சாமான்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் மதன மோதகம். ஊரில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கஞ்சா இலையை நெய்யில் வறுத்து, சுக்கு, மிளகு, திப்பிலி, சர்க்கரை சேர்த்துச் செய்யும் ஆயுர்வேத மருந்து இது. வைத்தியர் நோயாளியைப் பார்த்து அளந்து கொடுக்க வேண்டியது. கடையில் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. “ஆயுர்வேதம்தானே தம்பி, ஒண்டும் செய்யாது” என்பார்கள். நம்ப வேண்டாம்.

கஞ்சாவைப் புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். சாப்பிட்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. ஆபத்து அந்த இடைவெளியில்தான்: வேலை செய்யவில்லை என்று இரண்டாவது உருண்டையைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடக்கும், நேரம் நகராது, செத்துவிடுவோம் என்ற பயம் பிடிக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் பல நாள் கழித்தும் தெரியும். அடுத்த வேலைக்கு மருத்துவச் சோதனை இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் பாங் எனப்படும் கஞ்சா இலைக்கு விலக்கு உண்டு என்ற கணக்கை இங்கே போடாதீர்கள். இலங்கையில் கஞ்சா அபாயகர ஔடதச் சட்டத்தின் கீழ் வருகிறது. மதன மோதகம் விற்ற கடைகளைப் பொலிஸார் அடிக்கடி சோதனை போடுகிறார்கள். விசாவில் இருப்பவர் பொலிஸ் வழக்கில் சிக்கினால் வேலைக்கே வினையாகும்.

அடுத்தது வெற்றிலை பாக்கு. புறக்கோட்டையில் எங்கும் கிடைக்கும், வெறும் பாக்குக்குத் தடையில்லை. பழக்கமில்லாதவருக்கு வியர்த்து, தலை சுற்றும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகுகிறதென்றால் பல் வைத்தியரிடம் உடனே போங்கள். மெல்லும் புகையிலைப் பொருள்களுக்கு 2016 செப்டம்பரிலிருந்து தடை. ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டு வராதீர்கள். மாவா, பாபுல் என்று மறைவில் விற்கும் மெல்லும் புகையிலையையும் தொடாதீர்கள்.

ஊமத்தையைச் சும்மா முளைக்கிற செடிதானே என்று அரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அதில் இருப்பது அத்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நஞ்சுகள். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார்கள். சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் தெளியாது. ஒவ்வொரு விதையிலும் நஞ்சின் அளவு மாறுவதால் உயிரும் போகலாம்.

அறை நண்பர் ஒருவர் இப்படிக் கிடந்தால் மோர், எலுமிச்சை என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். சாப்பிட்டதன் மிச்சத்தையும் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய், நடந்ததை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.