வாவி வானத்தைப் பிலிமில் எடுக்கும் முறை

மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் விடியுமுன் நின்று போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் ஆணி ஆணியாகத் தெரியும். வானம் மட்டும் துடைத்துவிட்ட தகடு. அதையே ட்ரை-எக்ஸ் 400 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிம் ரோலில் எடுத்தால் வானம் மணல் மணலாக உயிரோடு நிற்கும். எனக்கு அந்த மணல்தான் வேண்டும். கிரெய்ன் என்பது அதைத்தான்.

பிலிமில் வெள்ளி உப்புப் படிகங்கள் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கின்றன; கழுவும்போது ஒளி பட்டவை வெள்ளியாகிக் கறுக்கும். டிஜிட்டலில் பிக்சல்கள் கட்டம் கட்டமாக வரிசையில் இருக்கும். அதன் நொய்ஸ் இருண்ட மூலைகளில் நிறப் புள்ளியாகத் துள்ளும். கிரெய்ன் நன்றாகத் தெரிவது சாம்பல் நிறத்தில்: பனியில், வானத்தில், கன்னத்தில். ஆகவே உச்சி வெயிலில் ரோலை வீணாக்க வேண்டாம்.

ரோலை பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடனே திறந்தால் பிலிம் வியர்க்கும்.

வானத்துக்கு ஒளி அளக்கும் மீற்றரைப் பிடித்தால் தோணிக்காரர் கரிக்கட்டியாகிவிடுவார். கரைப் புல்லுக்குப் பிடியுங்கள். வலை வீசி அது விரிகிற கணத்தில் அழுத்துங்கள். என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நூல் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

சரி, கழுவுவதுதான் இங்கே பெரிய வேலை. டி-76 என்ற கழுவும் மருந்தைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 20 பாகை செல்சியஸில் 9¾ நிமிடம். மட்டக்களப்புக் குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிராது. ஐஸைப் பையில் கட்டி, மருந்துப் போத்தல் நிற்கும் வாளியில் போடுங்கள். மருந்துக்குள் போட்டால் கலவை நீர்த்துவிடும். முதல் 30 விநாடி ஓயாமல் கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு அரை நிமிடத்துக்கு ஒருதரம் 5 விநாடி. கடைசியில் அலசும் தண்ணீரையும் அதே வாளியில் குளிர வைத்திருங்கள். திடீரென்று சூடான தண்ணீர் பட்டால் பிலிமின் மேல்பூச்சு பழுதாகலாம்.

ஸ்கேனுக்குக் கடையில் கொடுக்கிறீர்களா? நொய்ஸ் குறைப்பையும் ஷார்ப்பையும் நிறுத்தச் சொல்லி எழுதியே கொடுங்கள். என் முதல் ரோலைக் கேட்காமலே சுத்தம் செய்து தந்தார்கள். வானம் மறுபடி தகடாகியிருந்தது. நெகட்டிவ் கையில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது. அதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.