லிப்யுவியில் நினைவகத்தை விடுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் போன்ற வேலைகளைக் காத்து நிற்காமல் நடத்த, நோட்.ஜேஎஸ்ஸுக்காக (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) சி மொழியில் உருவான நூலகம் லிப்யுவி. அதை நேரடியாக எடுத்து சர்வர் எழுதும் பலரும் முதலில் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: இணைப்பை மூடும் யுவி_க்ளோஸ் எழுதிய அடுத்த வரியிலேயே, நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீயைப் போட்டுவிடுவது.

யுவி_க்ளோஸ் திரும்பி வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். சாக்கெட் அப்போதே மூடப்பட்டுவிடும். ஆனால் ஹேண்டில், அதாவது அந்த இணைப்பைக் குறிக்கும் லிப்யுவி பொருள், இன்னும் ஈவென்ட் லூப்பின் (நடப்பவற்றைக் கவனித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் மையச் சுழற்சி) கையில்தான் இருக்கிறது. லூப் மறுபடி சுற்றி வரும்போதுதான் க்ளோஸ் கால்பேக் (மூடி முடிந்ததும் லூப் அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) வரும். அதற்குள் ஃப்ரீ செய்வது, குடியிருப்பவர் காலி செய்யும் முன்பே வீட்டை இடிப்பதற்குச் சமம். விடுவித்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாதவரை புரோகிராம் ஒழுங்காகவே ஓடும் என்பதுதான் இதில் கொடுமை. நெரிசல் கூடும்போது, சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் போய் செயலிழந்து விழும். ஃப்ரீயின் இடம் க்ளோஸ் கால்பேக்குக்கு உள்ளே. விழுவதை நிறுத்த ஃப்ரீயையே நீக்கிவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் கொஞ்சம் நினைவகம் கசிந்துகொண்டே போகும்.

சரி, ஃப்ரீயைக் கால்பேக்குக்குள் நகர்த்தியாயிற்று. ஆனால் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் டிசிபி ஹேண்டிலும் டைம்அவுட்டுக்கான டைமரும் சேர்ந்து இருந்தால்? இரண்டையும் தனித்தனியே மூட வேண்டும். இரண்டு கால்பேக்குகள் வரும். முதலில் வந்ததிலேயே ஸ்ட்ரக்டை விடுவித்தால் மற்றது பறிபோகிறது. அதனால் ஸ்ட்ரக்டில் ஒரு எண்ணிக்கை வைத்து, ஒவ்வொரு கால்பேக்கிலும் ஒன்று குறைத்து, பூஜ்யமானதும் விடுவியுங்கள். படிப்பதில் பிழை வந்ததும் ஒரு பக்கம், நேரம் முடிந்ததும் இன்னொரு பக்கம் என ஒரே ஹேண்டிலை இருமுறை மூடப் போவதும் இந்த அமைப்பில் சகஜம். மூடுமுன், ஏற்கெனவே மூடப்படுகிறதா என்று யுவி_இஸ்_க்ளோசிங்கைக் கேட்டுப் பாருங்கள்.

எழுதும் பக்கத்தில், யுவி_ரைட் உங்கள் தரவை நகல் எடுப்பதில்லை. ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் பஃபரை (ஃபங்ஷன் முடிந்ததும் மறையும் தற்காலிக இடம்) கொடுத்தால், கெர்னல் அதைப் படிக்கும் நேரத்தில் அங்கே வேறு ஏதோ இருக்கலாம். ரைட் கால்பேக் வரும்வரை பஃபர் உயிரோடு இருக்க வேண்டும். பாதியில் இணைப்பை மூடினாலும் ரத்து என்ற பிழை எண்ணோடு அந்தக் கால்பேக் வந்தே தீரும். பிழை என்றதும் முதல் வரியிலேயே ரிட்டர்ன் போடாமல், பஃபரை விடுவித்துவிட்டு வெளியேறுங்கள். ரீட் கால்பேக்கிலும் அப்படியே: வந்த பைட்டுகள் பூஜ்யம் என்றாலும், மறுமுனை மூடிவிட்டது என்றாலும், கொடுத்த பஃபரை விடுவிப்பது உங்கள் பொறுப்பு. அப்புறம், யுவி_டிசிபி_இனிட் வெற்றியாகி கனெக்ட் தோற்றால்கூட ஹேண்டிலை மூடித்தான் ஆக வேண்டும்.

சோதிக்கும்போது அட்ரஸ் சானிடைசரோடு (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கம்பைலர் கருவி) கம்பைல் செய்து, பெரிய பதில் போய்க்கொண்டிருக்கும்போதே கிளையன்டைக் கொன்று பாருங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொட்டால், அது எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே தொடப்பட்டது என மூன்றையும் காட்டிவிடும். கடைசியில் யுவி_லூப்_க்ளோஸ் என்ன திருப்பித் தருகிறது என்பதையும் பாருங்கள். யுவி_இபிஸி என்று வந்தால், மூடி முடியாத ஹேண்டிலோ முடியாத வேலையோ இன்னும் லூப்பில் கிடக்கிறது. ஹேண்டில் என்றால், லூப்பில் உள்ள ஹேண்டில்களை வரிசையாகக் காட்டும் யுவி_வாக் வைத்து அதைத் தேடிப் பிடித்துவிடலாம்.