போர்க்காலச் சுவரொட்டியைப் படிப்பது எப்படி: ஓர் அச்சுக்காரனின் வழி

பழைய போர்ச் சுவரொட்டி கண்ணில் பட்டால் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அடி ஓரத்தைப் பாருங்கள். 26 வருடம் ஆப்செட் அச்சகத்தில் நின்றவன் சொல்கிறேன், சங்கதி பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மகளிர் தின விழா ஒன்றுக்கு ஒரு படம் கேட்டார்கள்: தலையில் புள்ளி போட்ட சிவப்புத் துணி, மடக்கிய சட்டைக் கை, புஜத்தைக் காட்டும் அமெரிக்கப் பெண். மேலே 'நம்மால் முடியும்!' என்று தமிழில் போட்டு, கீழே இருந்த ஆங்கில வரிகளை வெட்டித் தள்ளிவிட்டேன். பிறகு ஒருநாள் உருப்பெருக்கி வைத்து மூலத்தைப் பார்த்தேன். 'பிப்ரவரி 15 முதல் 28 வரை ஒட்டவும்' என்றிருந்தது. இரண்டே வாரம்! 1943இல், இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மின்சாதன நிறுவனத்துக்காக ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்தது அது. ஒட்டியது அந்த நிறுவனத்தின் ஆலைகளுக்குள். காலரில் தெரியும் வட்டம் ஊழியர் பேட்ஜ். அதாவது, வீட்டிலிருந்த பெண்களை வேலைக்குக் கூப்பிட்ட படம் அல்ல. ஏற்கெனவே இயந்திரத்தின் முன் நின்றவர்கள் லீவு போடாமல், வேலைநிறுத்தம் செய்யாமல் இருப்பதற்காக ஒட்டியது. உலகப் புகழெல்லாம் 1980களில் வந்ததுதான்.

அடுத்து, வாசகத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருப்பது 'நாம்' ஆகவும் 'நாங்கள்' ஆகவும் பிரிந்துவிடும். 'எங்களால் முடியும்' என்றால் பெண்களின் குரல். 'நம்மால்' என்றால் முதலாளியும் கூட நிற்கிறார். நான் யோசிக்காமல் போட்டதுதான் சரியாக இருந்திருக்கிறது. 1939இல் பிரிட்டன் அரசு 'உங்கள் தைரியம், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி' வெற்றி தரும் என்று ஒட்டியது. யாருக்கு வெற்றி? 'நமக்கு' என்று எழுதியதை மக்கள் 'எங்களுக்கு' என்று படித்துவிட்டார்கள். பாடு உங்களுடையது, பலன் எங்களுடையது! அதோடு சேர்த்து அடித்த 'பதறாமல் வேலையைப் பாருங்கள்' சுவரொட்டி 24 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் ஒட்டாமலே கூழாகப் போனது. அச்சுக்காரனுக்கு வயிறு எரியும்.

கடைசியாக, கைக்கு என்ன வேலை சொல்கிறது என்று தேடுங்கள். 1943இல் ஹென்றி கெர்னர் வரைந்த அமெரிக்கச் சுவரொட்டியில், சாய்த்த வாணலியிலிருந்து வழியும் கொழுப்பு கீழே குண்டுகளாக வெடிக்கிறது. கொழுப்பிலிருந்து கிளிசரின், அதிலிருந்து வெடிமருந்து. சமைத்து மிஞ்சியதை டப்பாவில் வடித்து இறைச்சிக் கடையில் கொடு; விஷயம் அவ்வளவுதான். வீரம் பேசும் பத்துப் படங்களுக்கு இந்த ஒன்றை நான் ஈடு சொல்வேன். மறுநாள் காலை அடுப்படியில் என்ன செய்வது என்று பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது யாராவது அந்தப் புஜம் காட்டும் பெண்ணைக் கேட்டு வந்தால், அடியில் அந்தப் பொடி எழுத்துக்கு அரை அங்குலம் விட்டுத்தான் அடிக்கிறேன். காகிதம் வீண் என்கிறார்கள்.