விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும் இசைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வரும் இசைக்காரர்கள் விழும் பள்ளங்கள் மாறுவதே இல்லை. முன்னால் வந்தவர்கள் எங்கே விழுந்து எழுந்தார்களோ, அதே இடத்தில்தான் பின்னால் வருபவர்களும் விழுகிறார்கள். பென் டிரைவில் இன்ஸ்டாலரைச் சரியாக எழுதாதது, வைஃபை டிரைவர் இல்லாமல் திண்டாடுவது எல்லாம் ஒரு மாலையில் தீர்ந்துவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸை அழிப்பது

மற்ற தவறுகளைப் பிறகும் திருத்தலாம். இதைத் திருத்த வழியே கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல் வருகிறது.

கேள்வி எப்போதும் இப்படித்தான் வரும்: "ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுக்க ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிட்டேன், விண்டோஸையும் எடுத்துட்டேன். இப்ப லினக்ஸ்ல எதுல திறக்கறது?" விண்டோஸில் பலர் இசையமைக்கும் மென்பொருள்களான எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், க்யூபேஸ் மூன்றுக்குமே லினக்ஸ் பதிப்பு இல்லை. அதே வகையான ஆர்டர் (Ardour), ரீப்பர், பிட்விக் ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடும். ஆனால் பிறருடைய ப்ராஜெக்ட் கோப்பை அப்படியே திறந்து பழைய ஒலியைத் தர அவற்றால் முடியாது. ப்ராஜெக்ட் கோப்பில் இருப்பது சுரக்குறிப்புகள், பிளகின்களின் (வாத்தியமோ எஃபெக்டோ தரும் துணை மென்பொருள்கள்) பெயர்கள், குமிழ்களின் நிலை, சாம்பிள் இருக்கும் இடத்தின் முகவரி, அவ்வளவுதான். பிளகின் இல்லையென்றால் பாட்டும் இல்லை.

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக எஃப்எல் ஸ்டுடியோவை ஓட்டலாமே என்பார்கள். ஓரளவு ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் கட்டணப் பிளகின் ஒன்று உரிமத்தைச் சரிபார்க்க மறுத்தால், அந்த டிராக் ஊமையாகிவிடும். பெரும்பாலும் பாட்டின் உயிரே அந்த டிராக்காகத்தான் இருக்கும்.

எனவே விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு பாட்டையும் வெறும் ஆடியோவாகவும் மிடியாகவும் (ஒலி இல்லாமல் சுரக்குறிப்புகள் மட்டும் உள்ள கோப்பு) இறக்கி வைக்க வேண்டும்.

முதலில் சாம்பிள்களை ஒரே இடத்தில் சேருங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் "ஸிப்டு லூப் பேக்கேஜ்", ஏபிள்டனில் "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்". இது முதல் படி மட்டுமே. பலர் இதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஸ்டெம். ஒவ்வொரு மிக்ஸர் டிராக்கும் தனி வேவ் கோப்பாக வர வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோவின் எக்ஸ்போர்ட் பெட்டியில் "ஸ்பிளிட் மிக்ஸர் டிராக்ஸ்", ஏபிள்டனில் "ஆல் இண்டிவிஜுவல் டிராக்ஸ்" என்று இருக்கும். எல்லாக் கோப்பும் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும்; வயலின் 57ஆவது பாரில்தான் வருகிறது என்றாலும் அதற்கு முன் அமைதியாகவே ஓடட்டும். இல்லாவிட்டால் பின்னால் அதை இடம் பார்த்து ஒட்டவைக்க நாள்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். எதிரொலியின் வால் வெட்டுப்படாமல் இருக்க, முடிவில் 2 பார் கூடுதலாக விடுங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் இறக்கினால் 0 டெசிபலைத் தாண்டிய உச்சங்களும் நசுங்காமல் தப்பும். சாம்பிள் ரேட் ப்ராஜெக்டில் என்ன இருந்ததோ அதுவே இருக்கட்டும்.

மாஸ்டரில் உள்ள எஃபெக்டுகளை அணைத்துவிட்டுத்தான் ஸ்டெம் எடுக்க வேண்டும். லிமிட்டர் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக அழுத்தும். பிறகு கூட்டிப் பார்த்தால் பழைய மிக்ஸ் வராது. குரல், கிட்டார் போன்றவற்றுக்கு எஃபெக்ட் இல்லாத உலர்ந்த கோப்பு ஒன்றையும் கூடவே எடுங்கள். ரிவெர்ப் ஏறிய குரலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இடம் போதுமா? 4 நிமிடப் பாட்டு, 20 ஸ்டீரியோ டிராக், 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட் என்றால் சுமார் 1.8 ஜிபி. 24 பிட் என்றால் 1.4 ஜிபி. ஐம்பது பாட்டு இருந்தாலும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் அடங்கிவிடும்.

மிடியில் இரண்டு கண்ணி இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவில் மிடி எடுக்கும் முன் டூல்ஸ் மெனுவில் மேக்ரோஸ் பகுதியில் இருக்கும் "ப்ரிப்பேர் ஃபார் மிடி எக்ஸ்போர்ட்" ஓட்ட வேண்டும். அது எல்லா வாத்தியங்களையும் வெறும் மிடி அவுட்டாக மாற்றிவிடும். ப்ராஜெக்டின் நகலில் செய்யாமல் அசலில் செய்துவிட்டு, பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் கதை முடிந்தது. ஏபிள்டன் மிடியைக் கிளிப் கிளிப்பாகத்தான் தரும். எனவே டிராக்கில் உள்ளவற்றை எல்லாம் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-ஜே அழுத்தி ஒரே கிளிப்பாக்கிக்கொண்டு எடுங்கள்.

கூடவே ஓர் உரைக்கோப்பில் டெம்போ, சுருதி, தாளக் கணக்கு, எந்த டிராக்கில் எந்தப் பிளகின், எந்த ப்ரீசெட் என்று எழுதிவையுங்கள். பாட்டின் நடுவே டெம்போ மாறினால் எந்த பாரில் எவ்வளவு என்பதும் வேண்டும். முக்கியமான பிளகின்களின் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைப்பதும் நல்லது.

இறக்கியது சரியா என்று காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். காலி ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து எல்லா ஸ்டெம்களையும் முதல் பாரில் வையுங்கள், ஃபேடர்கள் எல்லாம் 0 டெசிபலில். மாஸ்டர் எஃபெக்ட் இல்லாமல் எடுத்த முழு மிக்ஸைத் தனி டிராக்கில் போட்டு, அதன் போலாரிட்டியைத் திருப்பி ஓட்டுங்கள். ஏறக்குறைய முழு அமைதி வர வேண்டும். ஸ்நேர் மட்டும் கேட்கிறதா? அந்த ஸ்டெம்மில் ஏதோ விடுபட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் மெல்லிய ரிவெர்ப் கேட்டால், செண்ட் டிராக் வரவில்லை அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது. கோரஸ் எஃபெக்ட் மாதிரி ஒவ்வொரு முறையும் சற்று வேறாக ஒலிப்பவை முழுதாக அடங்காது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியாக உரிமங்கள். பல பிளகின்கள் இரண்டு மூன்று கணினிகளுக்கு மட்டுமே அனுமதி தரும். டீஆக்டிவேட் செய்யாமல் டிஸ்கை அழித்தால், இல்லாத கணினியில் அந்த அனுமதி மாட்டிக்கொள்ளும். பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான். பல பிளகின்களின் உரிமத்தைக் காக்கும் ஐலாக்கிற்கு லினக்ஸ் ஆதரவு கிடையாது. கணினியில் இருக்கும் ஐலாக் உரிமங்களை முதலிலேயே விடுவித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பழைய டிஸ்கை அழிக்காதீர்கள். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் லினக்ஸைப் போடுங்கள்.

2023இல் பிட்விக்கும் பிரிசோனஸும் சேர்ந்து கொண்டுவந்த டாவ்ப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவம் குறிப்புகள், ஆடியோ, ஆட்டோமேஷன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சுமக்கும். இரண்டு முனையிலும் அதை அறிந்த மென்பொருள் இருந்தால் பெரிய உதவி. அப்போதும் பிளகின் இல்லாத டிராக்குக்கு ஸ்டெம்தான் கதி.

பத்து வருடப் பழைய வழிகாட்டியைப் படித்து ஜாக் சர்வர் நிறுவுவது

மென்பொருள்களுக்கும் சவுண்ட் கார்டுக்கும் இடையே ஒலியைக் கொண்டுசெல்லும் சர்வர்கள்தான் பல்ஸ்ஆடியோ, ஜாக், பைப்வயர் எல்லாம். கூகுளில் தேடினால் பல்ஸ்ஆடியோவை நிறுத்து, ஜாக்கைத் தொடங்கு, நடுவே பாலம் போடு என்று நீளும் பக்கங்கள் வரும். அன்றைக்கு அது சரி. ஃபெடோரா 2021இல் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 2022இல் 22.10 பதிப்பிலும் பைப்வயருக்கு மாறிவிட்டன. பைப்வயரே ஜாக் மென்பொருள்களுக்கும் சர்வராக நிற்கும். அதன் மேல் பழைய ஜாக்கையும் ஓட்டினால் இரண்டும் ஒரே சவுண்ட் கார்டுக்கு அடித்துக்கொள்ளும். "டிவைஸ் பிஸி" என்று வரும். ரீப்பரில் ஆடியோ டிவைஸாக, சவுண்ட் கார்டை நேரடியாகப் பிடிக்கும் ஆல்சாவைத் தேர்ந்தெடுத்து, பிரவுசரில் சத்தம் வரவில்லை என்று புலம்புவதும் இதே வகைதான். ஜாக்கைத் தேர்ந்தெடுங்கள், பைப்வயர் பார்த்துக்கொள்ளும்.

பைப்வயரின் இயல்பான பஃபர், அதாவது ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் அளவு, 1024 ஃப்ரேம். 48 கிலோஹெர்ட்ஸில் இது 21.3 மில்லிசெகண்ட், கீபோர்டைத் தட்டினால் சுரம் பின்னாலேயே ஓடிவருவது போலிருக்கும். 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7 மில்லிசெகண்ட். இது ஒரு பஃபரின் கணக்கு மட்டுமே. மைக்கில் நுழைந்து ஹெட்ஃபோனில் வருவதற்குள் இரு மடங்குக்கும் மேலாகிவிடும். வாசிக்கும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024. பாடுபவருக்கு ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) டைரக்ட் மானிட்டர் போதும்; குரல் கணினிக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும்.

டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்ற கருவியை ஓடவிட்டு வாசித்துப் பாருங்கள். பிழை எண்ணிக்கை காட்டும் பத்தி ஏறிக்கொண்டே போனால் பஃபர் பத்தவில்லை. பஃபரைக் கூட்டும் முன் இரண்டைப் பாருங்கள்: பிராசஸர் மின்சேமிப்பு நிலையில் இருக்கிறதா, உங்கள் பயனர் கணக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை இருக்கிறதா. முன்னுரிமைக்கு உபுண்டு, டெபியனில் ஆடியோ குழு; ஆர்ச்சில் ரியல்டைம் குழு. குழுவில் சேர்த்ததும் லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்தால்தான் அது செல்லும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் "ஒன்றும் மாறவில்லை" என்கிறார்கள்.

44.1 ப்ராஜெக்டை 48இல் ஓட்டுவது

பைப்வயர் வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். 44.1இல் உருவான செஷனை ஆர்டரில் திறந்தால் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் ஓகே அழுத்தி, ரேட் மாற்றம் நடக்காமல் ஓடினால் பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாக, ஒன்றரை செமிடோன் ஏறி ஒலிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே புதிதாகப் பாடிப் பதிந்தால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது.

விண்டோஸ் பார்ட்டிஷனிலேயே வேலை செய்வது

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிஜமாக ஷட்டவுன் செய்வதில்லை, அரைத்தூக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும்; ரெக்கார்டிங் சேமிக்காது. பவர் ஆப்ஷனில் அதை அணைத்துவிடுங்கள். நடப்பு வேலையை லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. "சாம்பிள் காணோம்" என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஃபிளாட்பேக்கில் இசை மென்பொருள்

ஃபிளாட்பேக் மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து நிறுவும் முறை. நீங்கள் தனியாக நிறுவிய பிளகின்கள் அதற்குத் தெரியாது. வேண்டாம்.

விண்டோஸ் பிளகின் மொத்தத்தையும் யாபிரிட்ஜில் ஏற்றுவது

யாபிரிட்ஜ் அருமையான கருவி. விண்டோஸின் விஎஸ்டி பிளகின்களை வைன் வழியாக லினக்ஸ் மென்பொருளுக்குள் கொண்டுவரும். ஆனால் அது வைனின் பதிப்பைப் பொறுத்தது. வைன் 9.22 வந்தபோது பிளகின் ஜன்னலில் சுட்டி ஒரு இடம், கிளிக் விழுவது வேறு இடம் என்று ஆகி, பலர் 9.21க்கே திரும்பினார்கள். ஓடுகிற வைனைப் பூட்டி வையுங்கள். தானாக அப்டேட் ஆக விடாதீர்கள். நிஜமாகத் தேவைப்படும் ஐந்தாறு பிளகின்களோடு நிறுத்துங்கள். சின்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸ்ட் (Dexed), பியானோவுக்கு பியானோடெக், மிக்ஸிங்குக்கு எல்எஸ்பி பிளகின்கள். இவை லினக்ஸிலேயே ஓடுபவை.

டிஸ்ட்ரோ தாவுவது

லினக்ஸ் வகை (டிஸ்ட்ரோ) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்காதீர்கள். உபுண்டு ஸ்டுடியோவோ ஃபெடோராவோ, ஒன்றைப் போட்டு ஒரு பாட்டை முடியுங்கள்.

ரியல்டைம் கெர்னலைத் தானே தொகுப்பது

தேவையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் மாற்றங்கள் 2024இல் 6.12 கெர்னலோடு பிரதானக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டன. அதற்கு முன்பும் வீட்டு ரெக்கார்டிங்குக்குச் சாதாரண கெர்னலே போதுமானதாக இருந்தது.

இன்டர்ஃபேஸின் அமைப்புகளை மறப்பது

பொதுத் தரத்தைப் பின்பற்றும் (கிளாஸ் கம்ப்ளையன்ட்) யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்றால் டிரைவர் எதுவும் வேண்டாம், செருகினால் வேலை செய்யும். ஆனால் பலவற்றில் உள் ரவுட்டிங்கை விண்டோஸ் மென்பொருளால்தான் மாற்ற முடியும். ஃபர்ம்வேர் அப்டேட்டும் அப்படியே. இரண்டையும் விண்டோஸில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட்டின் மூன்றாம் தலைமுறை புதிதாகப் பிரிக்கும்போது தன்னைப் பென் டிரைவ் மாதிரி காட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கும். அதன் முழு வசதியும் லினக்ஸில் தெரியாது. 48V பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அதற்கு மின்சாரம் கொடுத்தால் அந்த நிலை அணைந்துவிடும்.