ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் சரிபார்க்க மறக்கும் நல்ல செய்திகள்

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகும் நம் பிள்ளைகளிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் பதில் மனப்பாடமாக வரும்: நேரம் தவற மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள், படிப்பு இலவசம், எல்லாமே தொழில்நுட்பம். 'சிரிக்க மாட்டார்கள்' என்பதால் நஷ்டம் ஏதுமில்லை. போன வேகத்தில் அது தானாக உதிர்ந்துவிடும். காலை வாருவது புகழ்ச்சியாகச் சொல்லப்படுபவைதான். குறை சொன்னால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம், நிறை சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம்.

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுக்காமல் வந்த எண் இது! எனவே தேர்வு நாளன்று பத்து நிமிட இடைவெளியில் ரயில் மாறும் டிக்கெட்டை நம்பாதீர்கள்.

'படிப்பு இலவசம், வருகைப்பதிவும் கிடையாது' என்பது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இந்திய மாணவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அது பணத்தோடு போகும். நம் பொறியியல் கல்லூரிகளில் ஊறிய அரியர் மனநிலைதான் பெரிய வில்லங்கம். 'இந்த செமஸ்டரில் போனால் அடுத்ததில் எழுதிக்கொள்ளலாம்' என்று இங்கே நான்கு வருடம் ஓட்டிவிடலாம். அங்கே பெரும்பாலும் ஒரு தேர்வுக்கு இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் சேரவும் வழி இல்லாமல் போகலாம். வகுப்புக்கு வரவில்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். தேர்வுக்குப் பதிவு செய்ய மறந்தாலும் கேட்க மாட்டார்கள். துறையின் தேர்வு விதிமுறைகளைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், மொழிபெயர்த்தாவது படியுங்கள்.

தொழில்நுட்ப நாடு என்ற நினைப்பும் இப்படித்தான். நம் ஊர் டீக்கடையிலேயே க்யூஆர் அட்டை தொங்குகிறது; அங்கே பேக்கரி வாசலில் 'ரொக்கம் மட்டும்' என்ற பலகையை இன்றும் பார்க்கலாம். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டுக் கடிதம் எல்லாம் தபாலில் வரும். அடுக்குமாடியில் வீட்டு எண் பார்த்துத் தபால் போடும் வழக்கம் பொதுவாக இல்லை. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். சாவி வாங்கிய அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயர் உதவாது.

பேராசிரியர் உங்கள் கட்டுரையை முகத்துக்கு நேரே குறை சொன்னால் அது அவமதிப்பல்ல, அன்றைய வேலை. பதிலுக்கு நீங்களும் வாதிடலாம்.

இனப் பாகுபாடு பற்றி இரண்டு கட்சி உண்டு: 'அங்கே அப்படியெல்லாம் கிடையாது' என்பது ஒன்று, 'எல்லாமே அதுதான்' என்பது இன்னொன்று. மியூனிக்கில் அறை கிடைக்காமல் ஜெர்மானிய மாணவர்களும் அலைகிறார்கள். பெயரைப் பார்த்ததும் பதில் போடாத வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 2006 முதல் இருக்கிறது. அதன்படி இழப்பீடு கோர பொதுவாக இரண்டு மாதமே கெடு என்பதால், சந்தேகம் வந்தால் மின்னஞ்சல்களை அழிக்காமல் வையுங்கள்.