உறுப்பு மாற்றிய பிள்ளையின் இதயத்தையும் கவனியுங்கள்

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைத்த பிள்ளை இருக்கும் வீட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்பதுதான் எப்போதும் பேச்சு. அது சரிதான். ஆனால் புது உறுப்பைக் காக்கும் அதே மருந்துகள் ரத்தக்குழாய்களையும் இதயத்தையும் சிரமப்படுத்துகின்றன: டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் பிரஷரைக் கூட்டும், ஸ்டீராய்டு எடையையும் சர்க்கரையையும் சேர்த்து ஏற்றும், சிரோலிமஸ் கொழுப்பை உயர்த்தும். அதற்காக ஒரு மாத்திரையைக்கூட நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், உறுப்பே போய்விடலாம்.

முதலில் பிரஷர், ஏனென்றால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறுவது அதுதான். வீட்டிலேயே பாருங்கள், ஆனால் கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் அளவு சரியாக இருக்க வேண்டும்: அதனுள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது, நீளம் 80 முதல் 100 சதவீதம். சின்ன கஃப் போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும், பெரியது போட்டால் இருப்பதை மறைக்கும், அதனால் பிள்ளை வளர வளர மாற்றிக்கொண்டே வாருங்கள். ஓடிவந்த பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து உடனே பார்க்காதீர்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும், அப்புறம் பாருங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்ட கையில் பார்க்க வேண்டாம். நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

13 வயதிலிருந்து 130/80 எட்டினாலே உயர் ரத்த அழுத்தம்தான். 13 வயதுக்குக் கீழே வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து எல்லை மாறும், பெரியவர்களின் 120/80 சின்னப் பிள்ளைக்கு அதிகமாகவே இருக்கலாம், ஆகவே உங்கள் பிள்ளைக்கான எண்ணை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து தூக்கத்தில் மட்டும் ஏறும் பிள்ளைகளும் உண்டு. 24 மணி நேர பிரஷர் பதிவு எடுத்தால்தான் அது பிடிபடும், டாக்டர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்கும் எக்கோ ஸ்கேன், கொழுப்பு, சர்க்கரை சோதனைகள் எப்போது என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

சாப்பாட்டில் உப்பையும் பாக்கெட் தின்பண்டங்களையும் இனிப்பு பானங்களையும் குறையுங்கள். கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு போன்ற பழம்) கூடவே கூடாது, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை எகிற வைத்துவிடும். காய்ச்சல் வலிக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் கூட்டும்.

பயந்து பிள்ளையை உட்காரவைத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். டாக்டர் அனுமதித்ததும் தினம் 60 நிமிடம் ஓடட்டும், நீந்தட்டும். வயிற்றில் அடிபடும் விளையாட்டுகளுக்கு மட்டும் தனியாக அனுமதி கேளுங்கள். இதயமே மாற்றிய பிள்ளை என்றால் நரம்பு இணைப்பு அறுந்திருப்பதால் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும், இறங்கும், எனவே முன்னும் பின்னும் சில நிமிடம் மெல்ல நடக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம், அதனால் ஆஞ்சியோகிராம் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதின்வயதில்தான் மாத்திரை தவறும், சிகரெட்டும் வேப் எனும் மின்சிகரெட்டும் எட்டிப் பார்க்கும். திட்டாமல், ஏன் கூடாது என்று நேராகச் சொல்லுங்கள், பிரஷர் நோட்டையும் மாத்திரைப் பெட்டியையும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.