படத்தை நம்பி கேம் வாங்குகிறீர்களா?

“படத்தை வைத்து வந்த கேமா? ஆளை விடுங்க” என்பவர்கள் ஒரு பக்கம். படம் பிடித்துப்போன சூட்டோடு அதே பெயரில் கிடைக்கும் கேமை வாங்கி வந்து நொந்துபோகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கோஷ்டியும் படத்தையேதான் பார்க்கிறது. கேமைச் செய்தவர்களுக்கு எத்தனை மாதம் கிடைத்தது, எந்த மெஷினுக்காகச் செய்தார்கள் என்று கொஞ்சம் விசாரித்திருந்தால் பாதி ஏமாற்றம் குறைந்திருக்கும்.

முதல் கோஷ்டியின் ஆயுதம் எப்போதும் ‘ஈ.டி.’ கேம்தான். ஸ்பீல்பெர்க்கின் படம் 1982 ஜூனில் வந்தது. கேமுக்கான உரிமம் பேசி முடிக்கவே ஜூலை கடைசி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கார்ட்ரிட்ஜ் (மெஷினில் செருகி ஆடும் கேம் பெட்டி) கடையில் இருக்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் தேதிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். அடாரி நிறுவனத்தின் 2600 என்ற கேம் மெஷினுக்கு ஒரு கேம் செய்ய ஐந்தாறு மாதம் ஆவது சாதாரணமாக இருந்த நேரம் அது. ஈ.டி. கேமை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரம் எங்கே தெரிகிறது என்றால், குழிகளில். வீட்டுக்குப் போன் செய்யத் தேவையான மூன்று பாகங்களைத் தேடி, பூமியில் சிக்கிய வேற்றுக்கிரகவாசி ஈ.டி. குழிக்குக் குழி இறங்க வேண்டும். கழுத்தை நீட்டினால் மெல்ல மிதந்து மேலே வரும். வந்த வேகத்தில் ஓர் அடி தப்பாக வைத்தால் மறுபடி உள்ளே. மறுபடி கழுத்தை நீட்டு, மறுபடி மித. காரணம் சின்னதுதான்: ஈ.டி.யின் உருவத்தில் எந்தப் புள்ளி குழியைத் தொட்டாலும் விழுந்ததாகக் கணக்கு. கால் தரையில்தான் இருக்கும், தலை மட்டும் குழியின் ஓரத்தில் உரசும். அதற்கும் விழ வேண்டியதுதான். 2013-இல் ஓர் ஆர்வலர் பழைய நிரலில் கைவைத்து, காலை மட்டும் கணக்கில் எடுக்கும்படி மாற்றிக் காட்டினார். ஆட முடியாது என்று பெயரெடுத்த கேம் அதற்கப்புறம் ஒழுங்காக ஆடக்கூடியதாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் யாராவது உட்கார்ந்து ஆடிப் பார்த்திருந்தால் 1982-லேயே சிக்கியிருக்கும் பிழை அது.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு தவறு, அந்த ஒரு கேம்தான் 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் தொழிலையே சாய்த்தது என்று நம்புவது. சுமார் 40 லட்சம் கார்ட்ரிட்ஜ் தயாரித்து 15 லட்சம் போல விற்றது உண்மை. ஆனால் சந்தையில் அப்போது கன்சோல் எனும் கேம் மெஷின்களும் ஏனோதானோவென்று செய்த கேம்களும் குவிந்து கிடந்தன. வீட்டுக் கணினிகள் வேறு மலிவாகிக்கொண்டிருந்தன. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைமேட்டில் அடாரி புதைத்த சரக்கை 2014-இல் தோண்டினார்கள். வெளியே எடுத்த சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்களில் ஈ.டி. சிறு பங்குதான். நன்றாகப் பெயர் வாங்கிய ‘சென்டிபீட்’ கூட அதே மண்ணில்தான் கிடந்தது.

சரி, நேரம் கிடைத்தால் என்ன நடக்கும்? ‘கோல்டன்ஐ’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் 1995 நவம்பரில் வந்தது. நின்டெண்டோ 64 மெஷினுக்கான கேம் 1997 ஆகஸ்டில் வந்தது. படம் வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரிட்டனின் ரேர் ஸ்டூடியோவில் மார்ட்டின் ஹாலிஸ் தலைமையில் பத்துப் பேர் போல இருந்த குழு. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் கேம். படப்பிடிப்புத் தளத்துக்கே போய்ப் பார்த்து வந்து கட்டினார்கள். நான்கு பேர் ஒரே டிவியைப் பங்குபோட்டுச் சுட்டுக்கொள்ளும் மல்டிபிளேயர் கடைசிக் கட்டத்தில் சேர்ந்தது. பலரும் அந்தக் கேமை நினைவில் வைத்திருப்பதே அதற்காகத்தான். 80 லட்சத்துக்கு மேல் விற்றது. படத்தோடு சேர்த்து வெளியிட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த மல்டிபிளேயர் வந்திருக்காது.

இதிலிருந்து, படம் ரிலீசாகும் அதே வாரத்தில் வந்தால் கேம் தேறாது என்று கணக்குப் போடுவதும் தவறு. ‘ஸ்பைடர்மேன் 2’ கேம் 2004-இல் படத்தோடு சேர்ந்துதான் வந்தது. அது எப்படித் தேறியது? ட்ரெயார்க் ஸ்டூடியோ 2002-இலேயே முதல் படத்துக்குக் கேம் செய்திருந்தது. அதில் ஸ்பைடர்மேன் வீசும் வலை மேலே எதில் ஒட்டுகிறது என்று கேட்கக் கூடாது, வானத்தில் ஒட்டும். ஜேமி ஃப்ரிஸ்ட்ரோம் என்பவர் அதை மாற்றி, வலை நிஜமாகவே ஏதாவது ஒரு கட்டடத்தில் ஒட்டியாக வேண்டும், ஆள் ஊஞ்சல் மாதிரி எடையோடு ஆட வேண்டும் என்று ஒரு முறையை உருவாக்கினார். கயிற்றை எந்த நொடியில் விடுகிறோம் என்பதைப் பொறுத்து உயரமும் வேகமும் மாறும். சென்ட்ரல் பார்க் பக்கம் போனால் உயரமான கட்டடம் கிடையாது, ஆகவே தொங்கவும் முடியாது. மரம், விளக்குக் கம்பம் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கதை சுமார்தான். பலூனைப் பறக்கவிட்டு அழும் குழந்தைக்குப் பத்தாவது தடவை பலூன் பிடித்துக் கொடுக்கும்போது யாருக்கும் அலுப்புத் தட்டும். ஆனால் அந்த ஊஞ்சல் மட்டும் இன்றைக்கும் அலுக்கவில்லை.

இங்கேதான் வாங்குகிறவர்கள் பலர் கோட்டைவிட்டார்கள். அந்த ஊஞ்சல் இருந்தது பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்க்யூப் பதிப்புகளில். பிசிக்கு வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ வேறொரு ஸ்டூடியோ சிறுவர்களுக்காகச் செய்த வேறு கேம். பெயர் ஒன்று, அட்டையில் நிற்பவர் அதே ஆள், உள்ளே வலை ஒட்டுவது காட்டிய இடங்களில் மட்டும். விமர்சனத்தில் ஒன்பது மார்க் என்று படித்துவிட்டு பிசி டிஸ்க்கை வாங்கியவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பழைய கேம்களைத் தேடி வாங்கும்போது இதை மறக்கவே கூடாது. 1993-இல் டிஸ்னியின் ‘அலாதீன்’ சேகா மெஷினுக்கு ஒன்று, சூப்பர் நின்டெண்டோவுக்கு இன்னொன்று என வந்தது. சேகாவில் அலாதீன் கையில் வாள், சூப்பர் நின்டெண்டோவில் வெறுங்கை. பின்னதை ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தில் செய்தவர் ஷின்ஜி மிகாமி. அங்கே இரண்டுமே நல்ல கேம்கள், தப்பித்தார்கள்.

சேகா அலாதீனை வழிநடத்திய டேவிட் பெர்ரியின் ஷைனி நிறுவனம்தான் 2003-இல் ‘என்டர் தி மேட்ரிக்ஸ்’ செய்தது. படத்தின் இயக்குநர்களே எழுதி, அதே நடிகர்களை வைத்து, கேமுக்கென்று கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் காட்சி எடுத்துக் கொடுத்தார்கள். ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’ வந்த அதே மே மாதம் கேமும் வந்தது. நன்றாக விற்றது. ஆனால் அவசரமாக முடித்ததும் பிழைகள் நிறைந்திருப்பதும் விமர்சனங்களில் அடிபட்டன. இயக்குநரே உட்கார்ந்து செய்தாராமே என்பது போஸ்டரில் போட நல்ல வரி. ஓடும்போது சுவரில் சிக்கிக்கொள்ளும் ஆளை அது வெளியே எடுத்துவிடாது.

படம் சுமார், ஆகவே கேமும் சுமார் என்று தள்ளிவிடுவது இதன் மறுபக்கம். 2004-இல் வின் டீசலின் ‘ரிடிக்’ படம் வந்துபோனது பலருக்கு நினைவில்லை. அதற்குச் சில நாள் முன்பு வந்த ‘எஸ்கேப் ஃப்ரம் புட்சர் பே’ கேமை இன்றும் பேசுகிறார்கள். ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் ஸ்டூடியோ படத்தின் கதையைத் தொடவே இல்லை. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் ஒரு சிறை உடைப்பை எடுத்துக்கொண்டது. தியேட்டரில் பார்த்த காட்சிகளை வரிசையாக மறுபடி ஆடவைக்கும் கேம்களைவிட, படத்தின் உலகத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்பவை பெரும்பாலும் தேறுகின்றன என்பது என் கணிப்பு.

டெமோவை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள் என்பதற்கு ‘ஏலியன்’ படவரிசையை வைத்து வந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ கேம் போதும். காட்டிய வெள்ளோட்டம் ஒன்று, 2013-இல் கைக்கு வந்தது வேறொன்று என வழக்கு வரை போனது. அதன் வேற்றுலக ஜந்துக்கள் மந்தமாக நடந்துகொண்டதற்கு, அமைப்புக் கோப்பில் ‘டெதர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்ததும் ஒரு காரணம் என்று பின்னர் ஒரு மாடர் (கேம் கோப்புகளில் கைவைத்து மாற்றும் ஆர்வலர்) கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அதே படவரிசையிலிருந்து ‘ஏலியன்: ஐசொலேஷன்’ வந்தது. 1979 படத்தின் பயத்தை அப்படியே பிடித்த கேம். செய்த ஸ்டூடியோ வேறு.

ஸ்டூடியோவின் பழைய பாவத்தையும் நிரந்தரமாகச் சுமத்தாதீர்கள். போலந்தின் டெயோன் ஸ்டூடியோ 2014-இல் செய்த ‘ராம்போ’ கேம் கேலிப்பொருளானது. அதே டெயோன்தான் 2019-இல் ‘டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ்’, 2023-இல் ‘ரோபோகாப்: ரோக் சிட்டி’ செய்தது. இரண்டுக்கும் ரசிகர்களிடம் நல்ல பெயர். ரோபோகாப் முதல் படம் வந்தது 1987-இல். துரத்த எந்த ரிலீஸ் தேதியும் இல்லை.

கடைசியாக ஒன்று. நல்லது என்று தெரிந்த பிறகும், விலை குறையட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள். உரிமக் காலம் முடிந்தால் படக் கேம்கள் ஆன்லைன் கடையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல்போகும். ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ 2017-இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலிருந்து அப்படித்தான் போனது. முன்பே வாங்கியவர்கள் லைப்ரரியில் மட்டும் இன்னும் இருக்கிறது.